டெர்மினலில் ஓடும் கமாண்ட் ஐ3-க்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். டெபியன் 12 லினக்ஸ், லாகின் திரைக்கு லைட்டிஎம், விண்டோக்களைத் திரையில் அடுக்கும் விண்டோ மேனேஜர் ஐ3. விண்டோக்கள் தானாகவே மாறி மாறிக் குறுக்கிலும் நெடுக்கிலும் பிரிய வேண்டும் என்று பைத்தான் நிரல்களை இன்ஸ்டால் செய்யும் பிப்எக்ஸ் மூலம் ஆட்டோடைலிங் என்ற நிரலை இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள். டெர்மினலைத் திறந்து பெயரை அடித்தால் ஓடுகிறது. அதே பெயரை ஐ3 கான்ஃபிக் ஃபைலில், கமாண்டைத் தானாக ஓட்டச் சொல்லும் எக்ஸெக் ஆல்வேஸ் வரியில் போட்டால் ஒன்றுமே நடப்பதில்லை, ஒரு பிழைச் செய்திகூட வருவதில்லை. பெயரை அடித்து நிரலைத் தொடங்க உதவும் டிமெனுவில் தேடினாலும் அந்தப் பெயர் இல்லை. நாலைந்து தடவை ரீலோட் செய்தாயிற்று, ஐ3-யையே நீக்கிவிட்டு மறுபடி போடலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களைக் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரே கம்ப்யூட்டர், ஒரே பயனர், ஒரே ஃபைல், அப்படியிருக்க ஒரு இடத்தில் கிடைப்பது இன்னொரு இடத்தில் எப்படிக் காணாமல் போகும்?

மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஐ3-யில் கோளாறு இல்லை, செய்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

வெறும் பெயரை மட்டும் கொடுத்து ஒரு கமாண்டை ஓட்டச் சொன்னால், ஷெல், அதாவது கமாண்டைப் படித்து ஓட்டும் நிரல், அதை டிஸ்க் முழுக்கத் தேடாது. பாத் என்ற மாறியில் எந்தெந்த ஃபோல்டர்கள் எழுதப்பட்டிருக்கின்றனவோ அவற்றில் மட்டும், அந்த வரிசையில் பார்க்கும். இந்தப் பாத் கம்ப்யூட்டருக்குப் பொதுவான ஒன்று இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென்று ஒரு நகல் வைத்திருக்கிறது, அந்த நகலைத் தன்னைத் தொடங்கிவிட்ட ப்ராசஸிடமிருந்து பெறுகிறது. அப்பன் சொத்து பிள்ளைக்கு வரும். பிள்ளை பின்னால் சம்பாதித்தது அப்பனுக்குத் தானாகப் போகாது. உங்கள் மெஷினில் வம்சாவளி இப்படிப் போகிறது: லைட்டிஎம் உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்த்துவிட்டு எக்ஸ்செஷன் என்ற ஸ்கிரிப்டை ஓட்டுகிறது, அது ஐ3-யைத் தொடங்குகிறது, ஐ3 டெர்மினலைத் திறக்கிறது, டெர்மினலுக்குள் பாஷ் என்ற ஷெல் வருகிறது, அந்த பாஷ்தான் கடைசியாக உங்கள் பாஷ்ஆர்சி என்ற அமைப்பு ஃபைலைப் படிக்கிறது. உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் லோக்கல் பின் என்ற இடத்தைப் பாத்தில் சேர்க்கும் வரியை பாஷ்ஆர்சியில்தான் போட்டதாகச் சொல்கிறீர்கள், பிப்எக்ஸும் கமாண்டை அங்கேதான் வைக்கிறது. ஆக, அந்த வரி செல்லுபடியாவது வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு மட்டும். அதற்கு இரண்டு தலைமுறை முன்னால் பிறந்த ஐ3-க்கு அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த டிமெனு விஷயம். ஐ3-யின் வழக்கமான கான்ஃபிக்கில் மாட் கீயோடு (ஐ3 உத்தரவுகளுக்கென்று நீங்கள் தேர்ந்த ஆல்ட் அல்லது விண்டோஸ் கீ) டி அழுத்தினால் வருவது டிமெனு ரன், அதற்குப் பெயர்ப் பட்டியல் கிடைப்பதும் பாத்தில் உள்ள ஃபோல்டர்களிலிருந்துதான். டிமெனுவைத் தொடங்குவது ஐ3 என்பதால் அதன் கையில் இருப்பது ஐ3-யின் பாத். கான்ஃபிக்கில் ஓடவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பத்துக் காரணம் யோசித்திருப்பேன், டிமெனுவிலும் இல்லை என்றதும் ஏழெட்டு உதிர்ந்துவிட்டது. எக்ஸெக் வரியை ஐ3 தானே ஓட்டுவதும் இல்லை. அதை அப்படியே பின் ஃபோல்டரில் இருக்கும் எஸ்ஹெச் என்ற ஷெல்லிடம் தள்ளிவிடுகிறது. டெபியனில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ் இல்லை, டாஷ் என்ற சின்ன ஷெல். அது உங்கள் பாஷ்ஆர்சியை ஏறெடுத்தும் பார்க்காது.

பிழைச் செய்தி வரவில்லை என்கிறீர்களே, அந்த வரி ஒருமுறையாவது ஓடியிருந்தால் அது வந்திருக்கும், நீங்கள் பார்க்கும் இடத்தில் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு எக்ஸ்செஷன் எரர்ஸ் என்று மறைவான ஃபைல் ஒன்று இருக்கும், அதன் கடைசி இருபது வரியைப் பாருங்கள். அங்கே ஆட்டோடைலிங் பெயரும் பக்கத்தில் வெறும் 'நாட் ஃபவுண்ட்' என்றும் இருந்தால் புகார் சொல்வது டாஷ். பாஷ் சொல்லியிருந்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று நீட்டிச் சொல்லியிருக்கும். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தை வைத்து எந்த ஷெல் தடுமாறியது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழகிப்போன விஷயம், நிறைய நேரம் மிச்சமாகும்.

ஆனாலும் என் பேச்சை நம்பி எதையும் மாற்றுவதற்கு முன், இரண்டு நிமிடத்தில் நீங்களே சோதித்துவிடலாம். டெர்மினலில் ஐ3 எம்எஸ்ஜி என்ற கமாண்டைக் கொண்டு ஐ3-யிடமே வேலை ஏவ முடியும். அதற்கு ஒற்றை மேற்கோளுக்குள் 'எக்ஸெக் என்வ்' என்று கொடுத்து (என்வ் என்பது பாத் போன்ற சூழல் மாறிகளைப் பட்டியலிடும் கமாண்ட்), வெளியீட்டை டெம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். திருப்பும் குறியும் ஃபைல் பெயரும் மேற்கோளுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போனால் உங்கள் பாஷே அதைப் பிடித்துக்கொள்ளும், ஃபைலில் ஐ3-யின் பதில்தான் விழும், சூழல் விழாது. அப்புறம் அந்த ஃபைலில் பாத் வரியையும், டெர்மினலில் எக்கோ போட்டால் வரும் பாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ3-யின் வரியில் லோக்கல் பின் இல்லை என்றால் வழக்கு முடிந்தது. இரண்டிலும் இருந்தால் நான் சொன்னது தப்பு, கீழே சொல்லும் வேறு காரணங்களுக்குப் போக வேண்டும்.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. கான்ஃபிக் வரியில் வெறும் பெயருக்குப் பதில் முழுப் பாதையையும் எழுதுங்கள். முன்னால் டில்டே குறி போட்டாலும் எஸ்ஹெச் அதை வீட்டு ஃபோல்டராகப் புரிந்துகொள்ளும். எழுதிவிட்டு மாட், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆர் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நாலைந்து தடவை செய்தது ரீலோட், அதாவது ஷிஃப்டோடு சி. ஐ3-யில் ரீலோட் கான்ஃபிக்கை மறுபடி படிக்கும், ஆனால் எக்ஸெக் ஆல்வேஸ் வரிகளை ஓட்டாது. அவை ஓடுவது முதல் தொடக்கத்திலும் ரீஸ்டார்ட்டிலும்தான். ஐ3 மாதிரியே இருக்கும் ஸ்வே என்ற இன்னொரு விண்டோ மேனேஜரில் இது வேறு மாதிரி, அங்கே ரீலோட் செய்தாலே எக்ஸெக் ஆல்வேஸ் ஓடிவிடும். இணையத்தில் பாதிப் பேர் ஸ்வேக்கு எழுதிய குறிப்பை ஐ3-க்கும் பொருந்தும் என்று நினைத்து ஒட்டிவைப்பதால் வரும் குழப்பம் இது. ஆக, உங்கள் கான்ஃபிக் வரி சரியாகவே இருந்திருந்தாலும் அந்த நாலு ரீலோடும் வீண்தான்.

முழுப் பாதை கொடுத்து ஓடிவிட்டால், ஒரே ஒரு கமாண்டுக்காக நீங்கள் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. பார்க்க அழகாக இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆறு மாதம் கழித்துக் கான்ஃபிக்கைத் திறந்தால் எந்த ஃபைல் ஓடுகிறது என்று வரியே சொல்லும். ஆனால் டிமெனுவிலும் அந்தப் பெயர் வர வேண்டும், இதுபோல இன்னும் நாலு கமாண்ட் பிப்எக்ஸில் போடப்போகிறீர்கள் என்றால் பாத்தையே சரிசெய்வதுதான் முறை.

அதற்கு டெபியனில் சரியான இடம் எக்ஸ்செஷன்ஆர்சி என்ற ஃபைல், வீட்டு ஃபோல்டரில், இதுவும் புள்ளியில் தொடங்கும். நான் மேலே சொன்ன வம்சாவளியில் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் ஐ3-யைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடும், ஆகவே இதில் சேர்த்த பாத் ஐ3-க்கும் அதன் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும். பாஷ்ஆர்சியில் நீங்கள் போட்ட அதே எக்ஸ்போர்ட் வரியை இங்கே வைத்தால் போதும், பழைய பாத்தை மறக்காமல் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்எஸ்கூட ஓடாது. மாற்றிய பின் லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். ஐ3-யை ரீஸ்டார்ட் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள், போதாது. ரீஸ்டார்ட்டில் ஐ3 அதே ப்ராசஸாக இருந்துகொண்டே தன்னைப் புதிதாக ஏற்றிக்கொள்கிறது, கையில் இருந்த பழைய பாத் அப்படியே தொடரும்.

இந்த ஃபைலைத் தொடும்போது ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. பல வருடம் முன்னால் நான் இதே வேலையைச் செய்யும்போது, வரியை இரண்டு இடத்தில் எழுதுவானேன் என்று புத்திசாலித்தனமாக, எக்ஸ்செஷன்ஆர்சிக்குள் சோர்ஸ் என்று போட்டு வேறொரு ஃபைலை இழுத்துவந்தேன். சோர்ஸ் என்பது பாஷில் உள்ள வார்த்தை, டாஷில் அப்படி ஒரு கமாண்ட் கிடையாது, அங்கே வெறும் ஒற்றைப் புள்ளிதான். எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டோ ஏதாவது ஒரு கமாண்ட் தோற்றால் உடனே நின்றுவிடும்படி எழுதப்பட்டது. பாஸ்வேர்ட் அடிக்கிறேன், திரை ஒரு நொடி கறுக்கிறது, மறுபடி லாகின் திரை. மறுபடி அடிக்கிறேன், மறுபடி லாகின் திரை. காணாமல் போன கமாண்டைத் தேடப் போய், இன்னொரு காணாத கமாண்டால் வீட்டுக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்ற கதை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டதோ என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் பதற வேண்டாம், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து லாகின் வரும், அதில் நுழைந்து அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டால் போதும். பாஷுக்கு மட்டுமே உரிய எதையும் அங்கே எழுதாமல் இருந்தால் இந்த நிலையே வராது.

உபுண்டுவில் வேறு ஒருவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன், இந்த இடம் ஊருக்கு ஊர் மாறும். உபுண்டுவின் லைட்டிஎம் லாகின் சமயத்தில் வீட்டு ஃபோல்டரில் உள்ள ப்ரொஃபைல் என்ற அமைப்பு ஃபைலைப் படித்துவிடும், எக்ஸ்ப்ரொஃபைலையும் படிக்கும், டெபியனில் லைட்டிஎம் வழியாக வந்தால் ப்ரொஃபைல் தானாகப் படிக்கப்படாது. டெபியனில் லாகின் திரைக்கு ஜிடிஎம் இருந்தால் படிக்கப்படும். லாகின் திரை நிரல் இல்லாமல், எழுத்துத் திரையில் ஸ்டார்ட்எக்ஸ் என்று அடித்து நுழைபவர்களுக்கு, அதற்கு முன் எழுத்து லாகினில் வந்த பாஷே எல்லாவற்றுக்கும் தாய் என்பதால் ப்ரொஃபைலில் எழுதியது அப்படியே கீழே இறங்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: வீட்டு ஃபோல்டரில் பாஷ் ப்ரொஃபைல் என்று தனியாக ஒரு ஃபைல் இருந்தால், பாஷ் அதை மட்டும் படித்துவிட்டு ப்ரொஃபைலைக் கண்டுகொள்ளாது. ஏதோ ஒரு இன்ஸ்டாலர் சத்தமில்லாமல் அந்த ஃபைலை உருவாக்கிவிட்டுப் போக, அதுவரை ஒழுங்காக இருந்த எல்லாம் ஒரே நாளில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டெபியனும் உபுண்டுவும் தரும் ப்ரொஃபைல் ஃபைலில் லோக்கல் பின் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் 'அந்த ஃபோல்டர் இருந்தால் சேர்' என்ற நிபந்தனையோடு. பிப்எக்ஸ் முதல்முதலாக எதையாவது போடும்போதுதான் அந்த ஃபோல்டரே உருவாகும், அதற்கு முன்பே நீங்கள் லாகின் செய்திருப்பீர்கள், ஆக அன்றைக்கு அது பாத்தில் இருக்காது, லாகினில் ப்ரொஃபைல் படிக்கப்படும் அமைப்பு என்றால் மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகச் சரியாகியிருக்கும். 'நேற்று ஓடவில்லை, இன்று ஒன்றுமே செய்யாமல் ஓடுகிறது' என்று வருகிற கேள்விகளில் கணிசமானவை இந்த வகை.

சரி, பாத் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து, அப்படியும் ஓடாவிட்டால்? இங்கிருந்து நான் சொல்வது ஊகம், உங்கள் மெஷினைப் பார்க்காமல் சொல்கிறேன். முதலில் டெர்மினலில் டைப் என்ற கமாண்டோடு அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், விச் வேண்டாம், டைப்தான் நீங்கள் ஓட்டுவது உண்மையான ஃபைலா, அல்லது பாஷ்ஆர்சியில் எழுதிய அலியாஸா, ஃபங்ஷனா என்று சொல்லும். அலியாஸ் என்றால் அது அந்த பாஷுக்குள் மட்டும் வாழும் செல்லப்பெயர், ஐ3-க்கு அது எப்போதும் தெரியாது. உங்கள் விஷயத்தில் பிப்எக்ஸ் என்பதால் இது இருக்காது என்று நினைக்கிறேன், சொந்த ஸ்கிரிப்ட்களில்தான் அடிக்கடி பார்க்கிறேன். முழுப் பாதை கொடுத்து டெர்மினலில் ஓட்டிவிட்டு உடனே முடிவு எண்ணைப் பாருங்கள்: 127 என்றால் பெரும்பாலும் ஃபைல் கிடைக்கவில்லை, 126 என்றால் ஃபைல் இருக்கிறது ஆனால் ஓட்ட முடியவில்லை, இதற்கு வழக்கமான காரணம் சிஹெச்மாட் மூலம் ஓட்டும் அனுமதி கொடுக்க மறந்தது. ஃபைல் கண்முன்னே இருக்கும்போதே 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று வந்தால், இல்லாதது உங்கள் ஃபைல் அல்ல, அதன் முதல் வரியில் எழுதியிருக்கும் இன்டர்ப்ரெட்டர், அதாவது அந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய நிரல். விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்ட்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டாலும் இதே செய்திதான் வரும், அரை நாளைத் தின்றுவிடும். பிப்எக்ஸ் போட்டவற்றில் இது எப்போது வரும் என்றால், டெபியன் 12-லிருந்து 13-க்கு மாறும்போது பைத்தான் 3.11 போய் 3.13 வரும், பழைய பைத்தானை நம்பிக் கட்டிய எல்லாம் நொண்டும். அப்போது பிப்எக்ஸில் ரீஇன்ஸ்டால் ஆல் ஓட்டினால் சரியாகிவிடும், இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை.

கீ அழுத்தினால் ஓடும்படி எழுதிய எக்ஸெக்கில் கமாவோ அரைப்புள்ளியோ வந்தால் அதையும் பாருங்கள். ஐ3-க்கு அவை இரண்டு கமாண்டுகளைப் பிரிக்கும் குறி, அதற்குப் பின்னால் உள்ளதை ஷெல்லுக்கு அனுப்பாமல் தனக்கான உத்தரவு என்று நினைத்துத் திணறும். முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது. இதோடு கலந்துவிடக்கூடாத இன்னொரு வகையும் உண்டு, ஐ3-க்கே சொந்தமான கமாண்ட் இல்லாமல் போவது. உதாரணத்துக்கு விண்டோக்களுக்கு நடுவே இடைவெளி விடும் கேப்ஸ், அது 2023 ஜனவரியில் வந்த 4.22-ல்தான் மூல ஐ3-க்குள் சேர்ந்தது. உபுண்டு 22.04 தரும் ஐ3 4.20 என்பதால் அங்கே அந்த வரியை எழுதினால் மேலே சிவப்புப் பட்டை வந்துவிடும். அடையாளம் எளிது: சிவப்புப் பட்டை வந்தால் ஐ3-க்கு உங்கள் வரி புரியவில்லை, பட்டை வராமல் ஒன்றும் நடக்காவிட்டால் ஐ3-க்குப் புரிந்தது, ஷெல்லுக்குத்தான் கிடைக்கவில்லை. உங்களுக்குப் பட்டை வரவில்லை.

ஒன்று மட்டும் உங்கள் கேள்வியிலிருந்து எனக்குத் தெளிவாகவில்லை. பாஷ்ஆர்சியில் வரி போட்டது பிப்எக்ஸுக்கு முன்பா பின்பா, அதற்குப் பிறகு ஒருமுறையாவது முழுதாக லாக் அவுட் செய்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. முழுப் பாதை சோதனையை முதலில் செய்யுங்கள். அது தோற்றால் மட்டும், ஐ3 வழியாக எடுத்த பாத் வரி, டைப் சொன்ன பதில், எக்ஸ்செஷன் எரர்ஸின் கடைசி வரிகள், இந்த மூன்றையும் அப்படியே ஒட்டுங்கள், படமெடுத்துப் போடாமல் எழுத்தாக. ராத்திரி வந்து பார்க்கிறேன்.